வாலில் பற்றவைத்த இரண்டு கிலோ இரும்பு

ஆடி பிறந்து ஒன்பதாம் நாள். இரவு ஒன்றரை மணி இருக்கும். தோட்டத்து மோட்டார் அறையில் படுத்திருந்தேன். காற்றாலையின் சத்தம் மாறியதும் விழிப்புத் தட்டியது. நான்கு வருடமாக அதன் கீழே படுத்து எழுகிறேன். இறக்கை சரியாக ஓடும்போது துணி கிழிவதுபோல் ஒரு மெல்லிய ஓசை வரும். காற்று வலுத்தால் அது ஒரு அளவுக்கு ஏறி, பிறகு தானே தணியும். அன்று ஏறியது தணியவேயில்லை. கீச்சென்ற ஊளையாக நீண்டுகொண்டே போனது.

சுவரில் இருந்த அம்மீட்டரைப் பார்த்தேன். முள் 45-ஐத் தாண்டி நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த இயந்திரத்துக்கு நான் வைத்திருந்த எல்லை 20 ஆம்பியர். டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே ஓடி மேலே அடித்துப் பார்த்தேன். இறக்கை காற்றுக்கு நேர்முகமாக நின்று சுழன்றது. பின்னால் வால் நேராக, விறைத்து நின்றது. அவ்வளவு காற்றில் அந்த வால் மடங்கியிருக்க வேண்டும்.

உள்ளே வந்து பிரேக் சுவிட்சைப் போட்டேன். ஜெனரேட்டரிலிருந்து இறங்கும் மூன்று கம்பிகளையும் ஒன்றோடொன்று சேர்த்துவிடும் சுவிட்ச் அது. மிதமான காற்றில் போட்டால் இறக்கை சில நொடிகளில் தள்ளாடி நின்றுவிடும். அன்று வேகம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. ஓடுகிற வேகத்தில் கம்பிகளைச் சேர்த்தால், இறக்கையின் பலம் முழுவதும் சுருளுக்குள் வெப்பமாகத்தான் இறங்கும். சற்று நேரத்தில், சுருள்களைப் பதித்து வார்த்த ரெசின் பிசின் கருகும் வாடை கீழே வந்தது. அதன் பிறகு மேலே கரகரவென்று உரசும் சத்தம். விடியும்வரை அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்தக் காற்றில் கம்பத்தைச் சாய்ப்பதைப் பற்றி நினைக்கவே கூடாது.

எங்கள் தோட்டம் தென்காசிக்குக் கிழக்கே, சுரண்டை போகும் பக்கம். குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குக் காற்று, ஈரத்தையெல்லாம் மலையிலேயே கொட்டிவிட்டு, வெறும் காற்றாக எங்கள் வயல்மேல் பாயும். ஆனியில் தொடங்கி ஆவணி முடிய அது ஓயாது. சுற்றிலும் பெரிய காற்றாலைகள் நிற்பதற்கும் அதுதான் காரணம். தோட்டத்துக்கு மின்கம்பி வரவில்லை. சூரியத் தகடுகள் நான்கு இருக்கின்றன. ஆனால் சாரல் காலத்தில் மேகம் மூடி அவை சோர்ந்துவிடும். தகடு சோரும் அதே மாதங்களில்தான் காற்று பொங்குகிறது. இந்தப் பொருத்தத்துக்காகவே காற்றாலை செய்யத் துணிந்தேன்.

இறக்கையின் விட்டம் 2.4 மீட்டர், மூன்று இறக்கைகள், மலைவேம்பு மரத்தில் செதுக்கியது. ஜெனரேட்டர் தட்டுவகை: இரண்டு இரும்புத் தட்டுகளில் தலா 12 நியோடிமியம் காந்தங்கள், நடுவில் 9 செம்புச் சுருள்களை ரெசினில் வார்த்த ஸ்டேட்டர். கியர் கிடையாது, கரி பிரஷ் கிடையாது. ஸ்காட்லாந்தின் வடமேற்கில் ஸ்கோரேக் என்ற தீபகற்பத்தில் மின்கம்பியே இல்லாமல் வாழ்ந்து, இந்த வகைக் காற்றாலையைத் தானே செய்து, உலகமெங்கும் மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் ஹியூ பிகாட். என் வாலின் அமைப்பும் அவர் வழியில் வந்ததுதான். கம்பம் 12 மீட்டர் ஜி.ஐ. குழாய், நான்கு பக்கமும் ஸ்டே கம்பி.

வாலின் கதையைச் சொல்லாமல் பழுதைச் சொல்ல முடியாது.

காற்றின் வேகம் இரட்டித்தால் அதில் உள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். என் இறக்கை வளைக்கும் பரப்பு 4.5 சதுர மீட்டர். நொடிக்கு 5 மீட்டர் காற்றில் அந்தப் பரப்பின் வழியே போவது 300 வாட்டுக்குச் சற்று மேல். 10 மீட்டர் காற்றில் 2,600 வாட். 20 மீட்டரில் 20,000 வாட்டைத் தாண்டும். இதில் 59.3 சதவீதத்துக்குமேல் எந்த இறக்கையாலும் எடுக்க முடியாது என்று ஜெர்மன் இயற்பியலாளர் பெட்ஸின் கணக்கு சொல்கிறது. வீட்டில் செய்த இயந்திரம் கம்பி இழப்பெல்லாம் போக ஐந்தில் ஒரு பங்கைத் தந்தாலே எனக்குத் திருப்தி. எப்படிப் பார்த்தாலும் 500 வாட்டுக்குச் செய்த ஸ்டேட்டரின்மேல் ஆடிக் காற்று பல ஆயிரம் வாட்டைச் சுமத்தப் பார்க்கும். அதனால் காற்றாலை செய்பவனின் வேலையில் பாதி காற்றைப் பிடிப்பது என்றால், மறு பாதி வேண்டாத காற்றை விடுவது.

பெரிய காற்றாலைகளில் இதற்கு மோட்டாரும் கணினியும் உண்டு. இறக்கை தன் அச்சிலேயே திரும்பிக் காற்றை வழியவிடும். நொடிக்கு 25 மீட்டர் அளவில் இயந்திரமே நின்றுவிடும். தமிழ்நாட்டில் தொடக்க காலத்தில் நட்ட பல இயந்திரங்களில் இறக்கை திரும்பாது. வேகக் காற்றில் இறக்கையின் முதுகில் காற்று பிரிந்து, அதைச் சுழற்றும் விசை குறையும்படி வடிவத்திலேயே அமைத்திருப்பார்கள். அவசரத்துக்கு இறக்கை நுனி மட்டும் திரும்பித் தடை போடும். என்னைப் போன்றவனுக்கு இரண்டும் எட்டாது. எனக்கு இருப்பது ஒரு குழாயும் ஒரு பிளைவுட் பலகையும் பூமியின் ஈர்ப்பும்.

அமைப்பு இதுதான். இறக்கையின் மையம் கம்பத்துக்கு நேராக இல்லை. 12.5 சென்டிமீட்டர் பக்கவாட்டில் தள்ளி இருக்கிறது. காற்று இறக்கையைத் தள்ளும்போது, தலை முழுவதும் ஒரு பக்கமாகத் திரும்பப் பார்க்கும். வால் காற்றோடு நீண்டு நின்று அதைத் திரும்பவிடாமல் பிடித்திருக்கும். ஆனால் வால் தலையோடு இறுகப் பற்றவைத்தது அல்ல. ஒரு கீலில் தொங்குகிறது. அந்தக் கீல் செங்குத்தாக இல்லாமல் 20 பாகை சாய்ந்திருக்கிறது.

வயல் கேட்டின் தூண் சாய்ந்துவிட்டால் என்ன நடக்கும்? திறந்து விட்டாலும் கேட் தானே வந்து சாத்திக்கொள்ளும், தன் எடையாலேயே தாழ்ந்த பக்கம் தேடி வரும். என் வாலும் அப்படித்தான். முழுதாகச் சாத்திக்கொள்ளும் முன்பே ஒரு தடுப்பில் வந்து உட்கார்ந்திருப்பதால், மடங்கத் தொடங்குவதற்கே ஓரளவு பலம் வேண்டும். காற்றின் தள்ளல் அந்தப் பலத்தை மிஞ்சும்போது தலை பக்கவாட்டில் திரும்பும். வால் காற்றின் போக்கிலேயே நிற்கும். தலையிலிருந்து பார்த்தால் வால் மடங்கி மேலே ஏறுகிறது. இறக்கை காற்றுக்குச் சாய்வாக நிற்பதால் வாங்கும் ஆற்றல் குறைகிறது. காற்று தணிந்ததும் வால் தன் எடையாலேயே இறங்கி, தலையை மறுபடியும் காற்றின் முகத்துக்குக் கொண்டுவருகிறது. ஸ்பிரிங் இல்லை, மின்சாரம் இல்லை. வால் ஒரு தராசு. ஒரு தட்டில் காற்று, மறு தட்டில் வாலின் எடை.

இந்த எண்ணம் புதிதல்ல. அமெரிக்காவில் டேனியல் ஹாலடே 1854-இல் தானே வேகத்தை அடக்கிக்கொள்ளும் தண்ணீர் இறைக்கும் காற்றாலைக்குக் காப்புரிமை பெற்றார். 1867-இல் விஸ்கான்சினில் லெனார்ட் வீலர் என்ற பாதிரியார் செய்த காற்றாலை என் வாலுக்கு நேர் முன்னோடி. பக்கவாட்டில் ஒரு பலகை சக்கரத்தைக் காற்றிலிருந்து விலக்கப் பார்க்கும். நெம்புகோலில் தொங்கும் ஓர் எடை அதைத் திருப்பிக் கொண்டுவரும். எடையைக் கூட்டினால் சக்கரம் இன்னும் வேகக் காற்றிலும் விலகாமல் நிற்கும். இந்தக் கடைசி விஷயத்தை நான் நன்றாகவே அறிந்திருந்தேன். அறிந்துதான் தவறு செய்தேன்.

மூன்றாம் நாள் காலை காற்று ஒரு மணி நேரம் ஓய்ந்தது. சித்தப்பா மகன்கள் இரண்டு பேரும் பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சியும் வந்தார்கள். கம்பத்தின் அடியில் கீல் இருப்பதால் கை வின்ச்சில் கம்பியைத் தளர்த்தித் தளர்த்தி மெல்லச் சாய்க்கலாம். சாய்க்கும் பாதையில் யாரும் நிற்கக் கூடாது என்பதில் நான் கறாராக இருந்தேன். தலை மட்டும் 50 கிலோவுக்குமேல் இருக்கும்.

தலை தரையைத் தொட்டதும் முதலில் வாலைத்தான் பிடித்து அசைத்தேன். அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினேன். கிறீச்சென்று ஒரு முழம் நகர்ந்து, விட்ட இடத்திலேயே நின்றுவிட்டது.

"தம்பி, இது வால் இல்லை, தூண்" என்றார் அண்ணாச்சி.

ஸ்டேட்டரைப் பார்க்கவே மனம் கஷ்டப்பட்டது. பச்சையாக, கண்ணாடிபோல் இருந்த ரெசின் காபிக்கொட்டை நிறமாகியிருந்தது. வெப்பத்தில் உப்பி, பின் தட்டின் காந்தங்களில் உரசி வட்டமாகத் தேய்ந்த தடம் கிடந்தது. நான்கு சுருள்களில் கம்பியின் காப்புப் பூச்சான எனாமல் கருகிச் செம்பு தெரிந்தது. காந்தங்கள் தப்பித்தன. இரண்டின் மேல்பூச்சு மட்டும் உரிந்திருந்தது. காந்தம் சூட்டில் வலு இழந்திருக்குமோ என்று பயந்தேன். ஒரு தடிப் போல்ட்டை ஒவ்வொன்றின்மேலும் வைத்து இழுத்துப் பார்த்ததில் எல்லாம் ஒரே மாதிரி பிடித்தன.

பிறகு வாலைக் கழற்றினோம். கழற்றினோம் என்று சொல்வது எளிது. சம்மட்டியும் மண்ணெண்ணெயும் அரை நாளும் தேவைப்பட்டன. கீல் என்பது ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய், அவ்வளவுதான். உள் குழாய் தலையோடு பற்றவைத்தது, வெளிக் குழாய் வாலோடு சேர்ந்தது, மேலே ஒரு மூடி. நான் வைத்த கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் பொடிபோல் ஒரு களிம்பு இறுகிக் கிடந்தது. மூடியின் பற்றவைப்பில் மயிரிழை அளவு விரிசல். அதன் வழியாக மழைத்தண்ணீர் இறங்கித் துரு பிடித்திருக்கிறது. அடியில் திறந்த வாய் வழியாக எங்கள் ஊர்ச் செம்மண் புழுதி ஏறி, கிரீஸோடும் துருவோடும் கலந்து அரைத்திருக்கிறது. உள் குழாயை வெர்னியரில் அளந்தேன். ஒரு திசையில் 33.4 மில்லிமீட்டர், குறுக்கே 32.9. பற்றவைத்த சூட்டில் குழாய் முட்டையாகிவிட்டிருந்தது. புதிதாகச் செய்தபோதே அது கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. ஓடி ஓடித் தேய்ந்து சரியாகிவிடும் என்று அன்று விட்டிருந்தேன்.

துருவும் புழுதியும் பழுதின் பாதிதான். மறு பாதி வாலின் முனையில் இருந்தது.

முதல் வருடம் இந்த இயந்திரம் 20 ஆம்பியரில் அழகாக மடங்கியது. இரண்டாம் வருட ஆடியில் தண்ணீர்த் தட்டுப்பாடு. சின்ன பம்ப் இன்னும் கொஞ்சம் ஓடினால் எலுமிச்சைக்கு ஆகும் என்று ஆசைப்பட்டு, வால் பலகைக்குப் பக்கத்தில் இரண்டு கிலோ இரும்புத் துண்டைப் பற்றவைத்தேன். அம்மீட்டர் 30, 35 என்று காட்டியது. மகிழ்ச்சியாக இருந்தது. அந்த வருடம் ஒன்றும் ஆகவில்லை. அதனால் மறந்தும் போனது.

இப்போது ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். வாலின் எடை 7 கிலோ, அதன் எடை மையம் கீலிலிருந்து 75 சென்டிமீட்டர். பெருக்கினால் 5.25. நான் சேர்த்த 2 கிலோ 1.2 மீட்டர் தூரத்தில், அது 2.4. இரண்டும் சேர்ந்து 7.65. அதாவது வாலின் பிடிவாதத்தை 46 சதவீதம் கூட்டியிருக்கிறேன். காற்றின் தள்ளல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். ஆகவே வால் மடங்கும் காற்றின் வேகம் 21 சதவீதம் கூடும். ஆற்றல் வேகத்தின் கனத்தில் ஏறுவதால் ஒன்றே முக்கால் மடங்கு. 20 ஆம்பியர் 35 ஆனதன் கணக்கு இதுதான். சுருளில் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். 20-க்கும் 35-க்கும் இடையே வெப்பம் மூன்று மடங்கு. கீல் இறுகி 45-ஐத் தொட்டபோது ஐந்து மடங்கு. பாவம், அந்த ஸ்டேட்டர் இரண்டு ஆடிக் காலம் மூன்று மடங்கு சூட்டைத் தாங்கிக்கொண்டு எனக்குத் தண்ணீர் இறைத்திருக்கிறது. எனாமல் அப்போதே நைந்திருக்கும். எரிந்தது ஓர் இரவில், எரியத் தொடங்கியது நான் அந்த இரும்பைப் பற்றவைத்த அன்று.

பழுது பார்ப்பதைக் கீலிலிருந்தே தொடங்கினேன். லேத் பட்டறை அண்ணாச்சியிடம் உள் குழாயைக் கொடுத்தேன். "பைப்பை ஏன் கடைகிறாய், பேரிங் போட்டுவிடலாமே" என்றார். யோசித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றேன். வால் சுற்றுவதில்லை. கொஞ்சம் போய்க் கொஞ்சம் வருகிறது. அப்படி அசையும் இடத்தில் உருளைகள் ஒரே இடத்தில் குத்திக் குழி விழும், மழையில் துருவும் பிடிக்கும். குழாய்க்குள் குழாய் நல்ல அமைப்புத்தான். அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும், அவ்வளவே. புதுத் தடிக் குழாயை எடுத்து, முதலில் பற்றவைத்து ஆறவிட்டு, அதன் பிறகு வெளிப்புறத்தை வட்டமாகக் கடையச் சொன்னேன். இரண்டு குழாய்களுக்கும் நடுவே முக்கால் மில்லிமீட்டர் இடைவெளி விட்டோம். எடை முழுவதும் மேல் மூடியில்தான் உட்காரும் என்பதால் அங்கே 6 மில்லிமீட்டர் பித்தளை வட்டு ஒன்றை வைத்தோம். மூடியை முழுச் சுற்றும் பற்றவைத்து, தண்ணீர் ஊற்றிக் கசிகிறதா என்று பார்த்தோம். அடிவாயில் லாரி டியூபை வெட்டிப் பாவாடைபோல் ஒரு வளையம் கட்டினேன். புழுதி ஏறாது, உள்ளே போன ஈரம் வடியும். கிரீஸ் போட ஒரு நிப்பிளும் வைத்தேன்.

தடுப்புகள் இரண்டையும் மாற்றினேன். கீழ்த் தடுப்பில் வால் வந்து வந்து இடித்து, ஃபிளாட் இரும்பு 4 மில்லிமீட்டர் அமுங்கியிருந்தது. அங்கே லாரி டயரின் பக்கச் சுவரிலிருந்து வெட்டிய ரப்பரைப் போல்ட் போட்டு முடுக்கினேன். மேல் தடுப்பு அதைவிட முக்கியம். முழுதாக மடங்கிய வால் இறக்கையைத் தொட்டுவிட்டால் மரமும் பிளைவுட்டும் வானத்திலிருந்து மழையாகக் கொட்டும். மடங்கிய நிலையில் இறக்கைக்கும் வாலுக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும்படி தடுப்பை வைத்தேன்.

எடைக்காகப் பற்றவைத்த இரும்பை கிரைண்டரில் அறுத்து எடுத்தேன்.

இதற்குப் பிறகு செய்ததுதான் இந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட முக்கியமான விஷயம். வால் சரியாக மடங்குகிறதா என்பதை ஆடிக் காற்றிடம் கேட்க வேண்டியதில்லை. தரையிலேயே கேட்கலாம். முற்றத்தில் ஒரு குழாயை நட்டு, தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நிறுத்தி, அதன்மேல் காற்றாலையின் தலையை மாட்டினேன். கீலின் சாய்வைப் பாகைமானியில் பார்த்தேன், 20 இருந்தது. தலை திரும்பாதபடி கயிற்றில் கட்டிவிட்டு, வாலில் 1.2 மீட்டர் தூரத்தில் ஒரு கொக்கி வைத்து, மீன் எடைபோடும் ஸ்பிரிங் தராசை மாட்டிப் பக்கவாட்டில் மெல்ல இழுத்தேன். வால் ஏறும்போது எவ்வளவு காட்டுகிறது, மெல்ல விட்டு இறக்கும்போது எவ்வளவு காட்டுகிறது என்று இரண்டையும் எழுதினேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதிதான் கீலின் உராய்வு.

புதுக் கீலில் வால் முழுதும் மடங்கும் இடத்தில் ஏறும்போது 1.6 கிலோ, இறங்கும்போது 1.4. நடுவில் இருக்கும் 1.5 வாலின் எடை தருவது, கணக்கோடு ஒத்துப்போகிறது. பிறகு பழைய கீலையும் விடாமல், அந்த இரும்புத் துண்டையும் கம்பியால் கட்டி, அதே கொக்கியில் மாட்டிப் பார்த்தேன். ஏறும்போது 5 கிலோவைத் தாண்டியது. விட்டால் வால் திரும்பவேயில்லை, தராசு சைபரில் நின்றது. இந்தப் பரிசோதனைக்குக் கால் மணி நேரம் ஆகிறது, தராசின் விலை சில நூறு ரூபாய். ஒவ்வொரு சித்திரையிலும் இதைச் செய்திருந்தால் ஸ்டேட்டர் தப்பித்திருக்கும். காற்றாலை வைத்திருக்கும் யாரும் ஆனி பிறப்பதற்குள் இதைச் செய்ய வேண்டும் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்டேட்டரைப் புதிதாகவே செய்தேன். ஒரு சுருளுக்கு 60 சுற்று, 1.4 மில்லிமீட்டர் எனாமல் கம்பி இரண்டு இழையாக. மோட்டார் கட்டும் கடையில் கம்பி கிடைத்தது. பிளைவுட்டில் செய்த பழைய சுற்றுக்கருவி பரணில் இருந்தது. ஒவ்வொரு சுருளையும் தராசில் வைத்து எடை பார்த்தேன். ஒன்று 12 கிராம் குறைந்தது, எண்ணிக்கை தவறியிருக்கிறது என்று பிரித்து மறுபடியும் சுற்றினேன். மும்மூன்று சுருள்கள் தொடராக ஒரு கட்டம் (ஃபேஸ்), மூன்று கட்டத்தின் ஒரு முனையையும் ஒரே இடத்தில் சேர்க்கும் நட்சத்திர இணைப்பு. பற்றுமுனைகளை ஈயம் வைத்து ஊதி, உறை மாட்டினேன்.

வார்ப்பில் ஒரு எச்சரிக்கை. பாலியஸ்டர் ரெசினில், இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட்டை முதலில் நன்றாகக் கலந்துவிட வேண்டும், அதன் பிறகே இறுகவைக்கும் கேடலிஸ்ட். இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று சேரவிடக் கூடாது, வெடிக்கும். எங்கள் ஊர் வெயிலில் கேடலிஸ்ட் கொஞ்சம் கூடினாலும் ரெசின் கொதித்து விரிசல் விடும். அதனால் அளவைக் குறைத்து, விடிகாலையில் வார்த்தேன். ரெசினில் பாதியளவு டால்க் பொடி கலந்தால் சூடு குறையும், வார்ப்பும் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். அச்சில் மெழுகு பூசி, ஃபைபர் துணி விரித்து, சுருள்களை அடுக்கி, ஊற்றி, மேலே இன்னொரு துணி, மூடி, நட்டு முடுக்கி விட்டேன். மறுநாள் பிரித்தபோது நான்கு வருடத்துக்கு முன் பார்த்த அதே பச்சைக் கண்ணாடி.

பூட்டியதும் இறக்கை இல்லாமலே கையால் சுற்றிப் பார்த்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நொடிக்கு ஒரு சுற்று. மூன்று கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அளந்த மூன்று இணைகளிலும் மல்டிமீட்டர் 5.7, 5.8, 5.7 வோல்ட் காட்டியது. மூன்றும் சமமாக இருந்தால் சுருள்கள் சரி. மூன்று கம்பிகளையும் முறுக்கிச் சேர்த்துவிட்டுச் சுற்றினால் சேற்றில் துடுப்புப் போடுவதுபோல் கை வலித்தது. பிரேக்கும் சரி.

கம்பியோடும் பேட்டரியோடும் ஒரு வேலை பாக்கி இருந்தது. என்னிடம் வந்து காற்றாலை பற்றிக் கேட்பவர்களில் பலர் சூரியத் தகட்டின் கன்ட்ரோலரையே இதற்கும் மாட்டப் பார்க்கிறார்கள். பேட்டரி நிறைந்ததும் அது தொடர்பைத் துண்டித்துவிடும். தகட்டுக்கு அது சரி. காற்றாலைக்குச் சுமை அறுந்தால் இறக்கை கட்டவிழ்ந்த காளைபோல் ஓடும். அதனால் பேட்டரி நிறைந்ததும் மிச்ச மின்சாரத்தைச் சூடேற்றும் கம்பியில் கொட்டித் தீர்க்கும் அமைப்பு வேண்டும். என்னுடையது பழையது, 25 ஆம்பியர் வரைதான் தாங்கும். அதற்கு இணையாக இன்னொன்றையும் சேர்த்தேன். இறக்கைகளின் முன்விளிம்பு மணலில் அரித்திருந்த இடங்களை எப்பாக்சியால் நிரப்பித் தேய்த்து, மறுபடி சமன் பார்த்து மாட்டினேன்.

ஆவணி நான்காம் நாள் காலை கம்பத்தை நிமிர்த்தினோம். முதல் மூன்று நாட்கள் இரவெல்லாம் அம்மீட்டருக்கு முன்னால்தான் இருந்தேன். வால் அருமையாக ஏறி இறங்கியது, ஆனால் மின்னோட்டம் 17 ஆம்பியருக்குமேல் போகவில்லை. முதல் வருடத்துக் கீலில் இருந்த இறுக்கமும் சேர்ந்துதான் அன்று 20 தந்திருக்கிறது என்று தோன்றியது. எடை கூட்டத்தான் வேண்டும். இந்த முறை பற்றவைக்கவில்லை. வால் முனையில் துளையிட்டு ஒரு நீளப் போல்ட் மாட்டி, 150 கிராம் எடையுள்ள இரும்பு வட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒவ்வொரு வட்டுக்கும் ஒரு முறை கம்பத்தைச் சாய்த்து நிமிர்த்த வேண்டியிருந்தது. சித்தப்பா மகன்கள் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் மூன்று முறை வந்தார்கள். முதல் வட்டில் 18. இரண்டில் 18-க்கும் 19-க்கும் நடுவே. மூன்றில் 20-ஐத் தொட்டுத் தொட்டு இறங்கியது. தரையில் தராசு வைத்துப் பார்த்தபோது அந்த 450 கிராம் 1.5 கிலோவை 1.65 ஆக்கியிருந்தது. பத்தில் ஒரு பங்கு எடை, ஆறில் ஒரு பங்கு மின்சாரம். நான்காவது வட்டு பையிலேயே இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு நாள் மாலை, மேற்கே மலை முழுவதும் கறுத்து, தென்னை மட்டைகள் எல்லாம் ஒரே திசையில் சீவி விட்டதுபோல் நின்றன. வரப்பில் நின்று பார்த்தேன். காற்று இழுத்து அடித்தபோது தலை மெல்லப் பக்கம் திரும்பியது. வட்டமாகத் தெரிந்த இறக்கைச் சுழல் ஒடுங்கி முட்டையானது, பிறகு ஒரு கோடுபோல் ஆனது. வால் தலைக்குப் பின்னாலிருந்து கிளம்பி, ஒரு மாடு வாலைத் தூக்குவதுபோல் மேலேறி நின்றது. ஓசை தணிந்தது. காற்று ஒரு மூச்சு விட்டதும் வால் இறங்கி, ரப்பரில் தொப்பென்று உட்கார, தலை மறுபடியும் மேற்கே பார்த்தது. ஒரு மணி நேரத்தில் நாற்பது முறையாவது இப்படி ஏறி இறங்கியிருக்கும். உள்ளே வந்து பார்த்தபோது முள் 19-க்கும் 22-க்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது. ஸ்டேட்டரில் பதித்து வைத்த உஷ்ணமானி 64 பாகை காட்டியது.

பாக்கி இருப்பவை: தலை திரும்பும் குழாயில் லேசான கிறீச் சத்தம் இன்னும் வருகிறது. கம்பத்துக்குள் தொங்கும் கேபிள் எத்தனை முறுக்கு விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். புரட்டாசியில் காற்று ஓய்ந்ததும் கம்பத்தைச் சாய்த்து இரண்டையும் கவனிப்பேன். கீல் நிப்பிளில் புதுக் கிரீஸ் ஏற்றி, பழையது அடியில் என்ன நிறத்தில் வெளியே வருகிறது என்று பார்ப்பேன். செம்மண் நிறத்தில் வந்தால் அந்த ரப்பர் பாவாடையை மாற்ற வேண்டும்.